ஒரு தேவாலயம் மட்டும் எஞ்சிய ஊர்

2019 ஜூலை மாதத்தில் ஒரு நாள் காலை ஏழு மணியளவில் எமது உல்லாசப் பயணக் கப்பல் நோர்வேயின் வடகோடியில் உள்ள ஹொன்னிங்ஸ்வோக் என்ற சிறிய துறைமுக நகரை அடைந்தது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் அதைக் காலை என்று கூறவேண்டியிருந்தது. மே மாத நடுப்பகுதி தொடக்கம் ஜூலை இறுதி வரை அங்கு சூரியன் மறைவதில்லை. முதல் நாள் நள்ளிரவில் கப்பலின் மேற்தளத்தில் நின்றபோது எமது ஊரில் மாலை ஐந்து மணிக்கு விழுகின்ற வெயில் முகத்தில் விழுந்தது. நவம்பர் பிற்பகுதி தொடக்கம் ஜனவரி பிற்பகுதி வரையோ இதற்கு நேர்மாறான நிலைமை. அந்த இரு மாதங்களும் சூரியன் அடிவானத்துக்கு மேலே எழுவதேயில்லை. இந்த விபரத்தை வாசகர்கள் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் கூறப்போகும் விடயங்களுக்கு அது அவசியமானது.

மலைகளுக்கிடையே கடல் நீண்ட தூரம் புகுந்து செல்லும் நுழைகழிகளை நோர்வேயர் 'பியோர்ட்' என்று அழைக்கிறார்கள். அவற்றில் ஒன்றான போர்சாங்கர் நுழைகழி 120 கிலோமீற்றருக்கும் மேல் நீளமானது. அதன் வாயிலில் அமைந்திருக்கும் மாகரோயா என்ற தீவில் இருக்கிறது ஹொன்னிங்ஸ்வோக். சுமார் 2,400 பேர் வாழும் ஊர். எமது கப்பலில் வந்த பயணிகளின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு ஊரின் சனத்தொகைக்குச் சமமான கூட்டம் காலையில் வந்து இறங்கி மாலையில் காணாமல் போய்விடுகிறது. கோடைகாலத்தில் இது அங்கு வாடிக்கையான காட்சி.

கப்பல்கள் அங்கு வருவது ஹொன்னிங்ஸ்வோக்கைப் பார்ப்பதற்காக அல்ல. ஊரிலிருந்து 34 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் வடமுனைக்கு மக்களைக் கொண்டுசெல்வதற்காகவே வருகின்றன. கடலில் இருந்து செங்குத்தாக 307 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் கரும்பாறை மேடு அது. 1553 ஆம் ஆண்டில் வடகிழக்குக் கடல் மார்க்கமாகச் சீனாவுக்கு வழிதேடிச் சென்ற ஆங்கிலேயர்கள் அதற்கு வடமுனை என்று பெயரிட்டார்கள். 1664 இல் பிரான்செஸ்கோ நெக்ரி என்ற இத்தாலியப் பாதிரியார் அங்கு சென்றார். வடமுனையின் முதலாவது சுற்றுலாப் பயணி என்று அவரைக் கூறுவார்கள். 1873 இல் மன்னர் இரண்டாம் ஒஸ்காரும் 1907 இல் சியாம் மன்னர் சூலாலங்கோர்னும் அந்த மேட்டில் ஏறினார்கள். இன்று ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் செல்கிறார்கள். உண்மையில் ஐரோப்பாவின் வடகோடி அதுவல்ல. அருகில் உள்ள தாழ்வான இன்னொரு நிலமுனை அதைவிடச் சற்று வடக்கே நீண்டிருக்கிறது. ஆனால், புகழுக்குப் புவியியல் அவசியமில்லை.

மனைவியும் மகளின் குடும்பத்தினரும் வடமுனைக்குச் செல்லும் பஸ்ஸில் ஏறினார்கள். எனக்கும் பயணச்சீட்டு இருந்தது. நான் ஏறவில்லை. காரணம், ஒஸ்லோவில் நாம் கப்பலேறப் புறப்படுவதற்கு முதல் நாள் எனது மருமகன் முறையான ஒருவர் கூறிய வார்த்தைகள். 1980களின் பிற்பகுதியில் நோர்வேக்குச் சென்று வடபகுதியின் மீன் பதனிடும் ஆலை ஒன்றில் பத்து ஆண்டுகளுக்கும் மேல் வேலைசெய்தவர் அவர். "மாமா, முனைக்குப் போறியளோ இல்லையோ, ஊருக்குள்ளை இருக்கிற வேதக்கோயிலைப் பாக்காமல் வரவேண்டாம்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "அங்கை போய் நிண்டு ஊரைப் பாருங்கோ, விளங்கும்" என்று மட்டும் பதில் வந்தது.

ஒரே வயதுடைய வீடுகள்

பஸ்கள் சென்றபிறகு இறங்குதுறை அமைதியாகிவிட்டது. நீர்க்கரையில் ஒரு நாயின் வெண்கலச் சிலை இருந்தது. பாம்சே என்ற பெயருடைய அந்த நாய் இரண்டாம் உலகப்போரில் தொரோட் என்ற நோர்வேக் கண்ணிவாரிக் கப்பலில் மாலுமிகளுடன் இருந்து 1944 ஜூலையில் ஸ்கொட்லாந்தின் மொன்ட்ரோஸ் துறைமுகத்தில் இறந்தது. கப்பலின் தலைவர் ஹொன்னிங்ஸ்வோக்கைச் சேர்ந்தவர். மொன்ட்ரோஸில் 2006 இலும் இந்த ஊரில் 2009 இலும் சிலைகள் வைக்கப்பட்டன. சிறுவர்கள் அதன் முதுகில் ஏறிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்குள் நடந்தேன். மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை என்று வர்ணம் பூசப்பட்ட மரவீடுகள் குன்றின் சரிவில் வரிசை வரிசையாக இருக்கின்றன. மரங்கள் இல்லை. வர்ணங்கள்தான் வேறுபட்டனவே தவிர வீடுகளின் உருவம் பெரும்பாலும் ஒன்றுதான். செங்குத்தான கூரை, இரண்டு தட்டுகள், அளவான ஜன்னல்கள். பாட்டன் கட்டிய வீட்டுக்குப் பக்கத்தில் பேரன் கட்டிய வீடு என்ற வித்தியாசம் எந்தத் தெருவிலும் இல்லை. பல நூற்றாண்டுகளாக மீனவர் வாழ்ந்துவரும் ஒரு கடற்கரை ஊரில் பழையது என்று சொல்லக்கூடிய ஒரு சுவர்கூட கண்ணில் படவில்லை.

அவ்வாறு நடந்து செல்லும்போதுதான் தேவாலயம் தெரிந்தது. வெள்ளை வர்ணம் பூசிய சிறிய மரக்கட்டிடம். ஒரு கோபுரம். சுற்றிலும் கல்லறைகள். அலங்காரம் எதுவும் இல்லை. 1885 இல் கட்டப்பட்டது. வாசலில் நின்று ஊரைத் திரும்பிப் பார்த்தபோது மருமகன் கூறியது விளங்கியது. அந்த ஊரில் போருக்கு முந்திய கட்டிடம் அது ஒன்றுதான்.

துறைமுகத்துக்கு அருகில் உள்ள அரும்பொருட்காட்சியகத்தில் எரிப்புக்குப் பின்னரான ஊரின் நிலையைப் படங்களில் காணலாம். வீடுகள் இருந்த இடங்களில் புகைபோக்கிகளின் அடிக்கற்களும் அத்திவாரங்களும். அவற்றுக்கு நடுவே எதுவும் நடவாதது போல அந்த வெள்ளைத் தேவாலயம். ஒரு பத்திரிகையாளனாகப் பல அழிவுகளின் படங்களைப் பார்த்திருக்கிறேன். குண்டுவீச்சில் அழிந்த ஊருக்கும் எரித்து அழிக்கப்பட்ட ஊருக்கும் வித்தியாசம் உண்டு. குண்டு ஒரு வீட்டை உடைத்து அடுத்த வீட்டை விட்டுவிடும். இங்கு நடந்திருப்பது அதுவல்ல. வீடு வீடாகச் சென்று, ஒன்றையும் விடாமல், ஒழுங்காகச் செய்துமுடிக்கப்பட்ட வேலை.

1944 ஒக்டோபர் 28

நோர்வே மீது 1940 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜேர்மனி படையெடுத்தது. அதற்கு அடுத்த ஆண்டு சோவியத் ஒன்றியத்தின் மீது படையெடுப்பு ஆரம்பமானபோது நோர்வேயின் வடக்கே உள்ள பின்மார்க் மாகாணம் மூர்மன்ஸ்க் முனைக்கான பின்தளமாகியது. சுமார் 48,600 சதுர கிலோமீற்றர் விஸ்தீரணமுடைய மாகாணம். அதாவது இலங்கையின் பரப்பளவில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு. ஆனால், மக்கள் மிகவும் குறைவு. கரையோரத்தில் மீனவ ஊர்கள், உள்நாட்டில் கலைமான் மேய்க்கும் சாமி மக்களின் குடியிருப்புகள்.

1944 செப்டெம்பரில் பின்லாந்து சோவியத்துடன் போர்நிறுத்தம் செய்துகொண்டது. அதுவரை பின்லாந்தின் பக்கம் நின்ற ஜேர்மனியின் 20 ஆவது மலைப்படை திடீரென்று அந்நிய மண்ணில் தனித்துவிடப்பட்டது. ஒக்டோபர் 7 ஆம் திகதி செஞ்சேனை தாக்குதலைத் தொடங்கியது. ஒக்டோபர் 25 ஆம் திகதி நோர்வேயின் எல்லை நகரான கிர்கனெஸ் விடுவிக்கப்பட்டது. ஜேர்மன் படைகள் மேற்கு நோக்கிப் பின்வாங்கின. பின்மார்க் மக்கள் தாமாகவே வெளியேறவேண்டும் என்று ஏற்கெனவே விடுக்கப்பட்டிருந்த அறிவித்தலை மிகச் சிலரே பொருட்படுத்தினர்.

ஒக்டோபர் 28 ஆம் திகதி ஹிட்லரின் கட்டளை வந்தது. மக்கள் சகலரும் பலவந்தமாக வெளியேற்றப்படவேண்டும். வீடுகள் சகலதும் எரிக்கப்படவேண்டும். முன்னேறிவரும் சோவியத் படைக்கு ஒரு கூரைகூட கிடைக்கக்கூடாது. மக்கள்மீது இரக்கம் காட்டுவதற்கு இடமில்லை. இந்தக் கட்டளையைத் தொலையச்சு மூலம் அனுப்பிவைத்தவர் ஜேர்மன் ஆயுதப்படைகளின் தலைமையகத்தில் நடவடிக்கைப் பிரிவுத் தலைவராக இருந்த ஜெனரல் அல்பிரட் யோடில். களத்தில் நிறைவேற்றியவர் 20 ஆவது மலைப்படையின் தளபதி லோதார் ரெண்டுலிச்.

அடுத்துவந்த வாரங்களில் ஏறத்தாழ 50,000 மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். மீன்பிடிப் படகுகளிலும் சரக்குக் கப்பல்களிலும் தெருவழியாகவும் தெற்கே கொண்டுசெல்லப்பட்டு முன்பின் அறியாதவர்களின் வீடுகளில் தங்கவைக்கப்பட்டார்கள். நோர்வே மொழி சரிவரத் தெரியாத சாமிக் குடும்பங்களும் அவர்களில் அடங்கும். அவர்களின் பின்னால் ஊர்கள் எரிந்தன. சுமார் 11,000 வீடுகள், 4,700 மாட்டுத்தொழுவங்கள், 106 பாடசாலைகள், 27 தேவாலயங்கள், 21 மருத்துவமனைகள். தந்திக்கம்பங்கள் வெட்டப்பட்டன. இறங்குதுறைகள் தகர்க்கப்பட்டன. படகுகள் மூழ்கடிக்கப்பட்டன. கால்நடைகள் கொல்லப்பட்டன. பின்மார்க்கும் அதை அடுத்துள்ள வட துரொம்ஸ் பகுதியும் சேர்ந்து டென்மார்க் நாட்டைவிடப் பெரிய நிலப்பரப்பு. அவ்வளவும் ஒரு குளிர்காலத்தின் தொடக்கத்தில் வெறுமையாக்கப்பட்டது. சூரியன் எழாத அந்த இரு மாதங்கள் நெருங்கிவரும் வேளையில்தான் இது நடந்தது என்பதை மறந்துவிடக்கூடாது.

ஹொன்னிங்ஸ்வோக்கும் அந்த ஆண்டின் இறுதிப்பகுதியில் அவ்வாறே எரிந்தது. தேவாலயம் மாத்திரம் எஞ்சியது.

கட்டளைக்குப் பணியாதவர்கள்

வெளியேற்றப்பட்டவர்களின் தொகையைப் பற்றிப் பேசுகின்றபோது வெளியேற மறுத்தவர்களை வரலாறு பல சமயங்களில் மறந்துவிடுகிறது. 20,000 பேருக்கும் அதிகமானோர் கட்டளைக்குப் பணியாமல் தங்கிவிட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் செஞ்சேனை முன்னேறிவந்த கிழக்குப் பகுதியில் இருந்தவர்கள். ஏனையோர் குகைகளிலும் மலையிடுக்குகளிலும், புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளால் கட்டிய குடில்களிலும், கவிழ்த்த படகுகளின் கீழும் ஒளிந்திருந்தார்கள். பகலில் புகை தெரிந்தால் ரோந்துப் படகு வரும் என்பதால் தீ மூட்டமுடியாது. கைக்குழந்தைகளுடனும் முதியவர்களுடனும் அவ்வாறு மாதக்கணக்கில் இருந்தவர்கள் உண்டு. கிர்கனெஸுக்கு அருகில் பியோர்னவத்ன் என்ற இடத்தில் இரும்புச் சுரங்கத்தின் குகைப்பாதை ஒன்றினுள் சுமார் 3,000 பேர் தஞ்சமடைந்திருந்தார்கள். விடுதலை வருவதற்கு முன்னர் அந்த இருட்டுக்குள் பத்துக் குழந்தைகள் பிறந்தன.

மேற்கே சோரோயா தீவில் ஒளிந்திருந்தவர்களின் கதை தனியாக எழுதப்படவேண்டியது. 1945 பெப்ரவரி நடுப்பகுதியில் நான்கு நாசகாரிக் கப்பல்கள் எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுத் தீவை அடைந்து சுமார் 500 பேரை ஏற்றிக்கொண்டு மூர்மன்ஸ்க் சென்றன. அங்கிருந்து பிரித்தானியாவுக்குப் புறப்பட்ட கப்பல் தொடரணியில் அந்த மக்கள் பகிர்ந்து ஏற்றப்பட்டார்கள். ஹென்றி பேக்கன் என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலில் 19 நோர்வேயர்கள் இருந்தனர். பெப்ரவரி 23 ஆம் திகதி ஜேர்மன் விமானங்களின் தாக்குதலில் அந்தக் கப்பல் மூழ்கியது. உயிர்காப்புப் படகுகளில் எல்லோருக்கும் இடம் போதவில்லை. அகதிகளுக்கு முதலிடம் கொடுக்கப்பட்டது. 19 பேரும் தப்பினார்கள். கப்பற்றலைவர் உட்பட மாலுமிகளிலும் பீரங்கி இயக்குனர்களிலும் இருபதுக்கும் அதிகமானோர் கடலோடு போனார்கள். எரிக்கும்படி வந்த கட்டளையைச் சொல்லும்போது, யாரும் கட்டளையிட்டு வரவழைக்கமுடியாத இந்தத் தியாகத்தையும் சேர்த்துச் சொல்லுவதே நியாயமானது.

நீதிமன்றம் சொன்னது

போர் முடிந்த பின்னர் இந்த எரிப்பு இரண்டு தடவைகள் நீதிமன்றத்தின் முன் வந்தது. இரண்டும் நூரெம்பேர்க்கில்தான்.

முதலாவது, பிரதான போர்க்குற்றவாளிகளை விசாரித்த சர்வதேச இராணுவ நீதிமன்றம். யோடிலுக்கு எதிரான தீர்ப்பில் ஒக்டோபர் 28 ஆம் திகதிய தொலையச்சுக் கட்டளையும் குறிப்பிடப்பட்டிருக்கிறது. தான் அதை எதிர்த்ததாகவும் ஹிட்லரின் உத்தரவு என்பதால் அனுப்பியதாகவும் அவர் வாதிட்டார். ஏனைய பல குற்றங்களுடன் சேர்த்து அவர் குற்றவாளியாகக் காணப்பட்டு 1946 ஒக்டோபர் 16 ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். நோர்வேயில் ஹிட்லரின் ஆணையாளராக இருந்து வெளியேற்றத்தை வலியுறுத்திய யோசெப் டெர்போபன் எந்த நீதிமன்றத்துக்கும் வரவில்லை. 1945 மே 8 ஆம் திகதியே வெடிமருந்தை வெடிக்கவைத்துத் தற்கொலை செய்துகொண்டார்.

இரண்டாவது, அதே நகரில் அமெரிக்க இராணுவ நீதிமன்றத்தில் நடைபெற்ற 'பணயக்கைதிகள் வழக்கு'. 1948 பெப்ரவரியில் தீர்ப்பு வழங்கப்பட்டது. ரெண்டுலிச் மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் பின்மார்க்கை எரித்ததும் ஒன்று. அந்த அழிவுக்கு இராணுவத் தேவை இருக்கவில்லை என்பதைப் பின்னோக்கிப் பார்க்கையில் காணமுடிகிறது என்று நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். சோவியத் படை கிழக்குப் பின்மார்க்குடன் நின்றுவிட்டது, ஜேர்மனியரைத் துரத்திவரவில்லை. ஆனால், தீர்மானம் எடுத்த வேளையில் தளபதியின் கண்ணுக்கு நிலைமை எவ்வாறு தோன்றியது என்பதே முக்கியம் என்றார்கள். எதிரி துரத்திவருகிறான் என்று அவர் நேர்மையாக நம்பியிருந்தால், அந்த நம்பிக்கை தவறானதாக இருந்தாலும், அது குற்றமாகாது. அந்தக் குற்றச்சாட்டிலிருந்து ரெண்டுலிச் விடுவிக்கப்பட்டார். வேறு குற்றங்களுக்காக விதிக்கப்பட்ட 20 வருடச் சிறைத்தண்டனையும் பின்னர் 10 வருடங்களாகக் குறைக்கப்பட்டு, 1951 இல் அவர் வெளியே வந்தார். 1971 வரை வாழ்ந்தார்.

'ரெண்டுலிச் விதி' என்ற பெயரில் இந்தத் தீர்ப்பு இன்றும் போர்ச்சட்டம் கற்பிக்கப்படும் இடங்களில் போதிக்கப்படுகிறது. ஒரு தளபதியின் முடிவை அவர் அப்போது அறிந்திருந்தவற்றை வைத்தே எடைபோடவேண்டும் என்பது அதன் சாரம். அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை மறுக்கமுடியாது. ஆனால், தேவாலய வாசலில் நின்று ஒரே வயதுடைய அந்த வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது. எதிரி வருகிறான் என்ற தளபதியின் அச்சம் சட்டத்தின் தராசில் வைக்கப்பட்டது. துருவ இரவு தொடங்கும் வேளையில் கைக்குழந்தையுடன் படகில் ஏற்றப்பட்ட தாயின் அச்சத்தை எந்தத் தராசில் வைப்பது? 1949 இல் வந்த நான்காவது ஜெனீவா உடன்படிக்கை, ஆக்கிரமிப்புப் படை மக்களின் உடைமைகளை அழிப்பதைத் தடைசெய்தது. ஆனால், இராணுவ நடவடிக்கைக்கு முற்றிலும் அவசியமானால் அன்றி என்ற விதிவிலக்கு அதிலும் இருக்கிறது. அவசியம் எது என்பதை முதலில் தீர்மானிப்பவர் அதே தளபதிதான்.

திரும்பி வந்தவர்கள்

1945 மே மாதம் போர் முடிந்தது. நோர்வே அரசாங்கம் லண்டனில் இருந்து திரும்பியது. பின்மார்க் மக்கள் உடனடியாக ஊர் திரும்புவதை அரசாங்கம் விரும்பவில்லை. அதற்கான காரணங்களைக் கேட்டால் யாரும் குறைகூறமாட்டார்கள். நிலமெங்கும் கண்ணிவெடிகள், தங்க வீடில்லை, மருத்துவமனை இல்லை, படகு கட்ட இறங்குதுறை இல்லை, அடுத்த குளிர்காலத்துக்குச் சில மாதங்களே இருந்தன. முதலில் தொழிலாளர்களும் அவசியமான பணியாளர்களும் செல்லட்டும், குடும்பங்கள் அனுமதி பெற்றுப் படிப்படியாகச் செல்லலாம் என்பது திட்டம். சிதறிக்கிடந்த சிறு ஊர்களைப் பழைய இடங்களில் கட்டாமல் சில மையங்களில் ஒன்றுசேர்ப்பது நல்லது என்ற யோசனையும் திட்டமிடுவோரிடம் இருந்தது.

மக்கள் காத்திருக்கவில்லை. அந்தக் கோடையிலேயே கிடைத்த படகுகளில் ஆயிரக்கணக்கில் வடக்கே புறப்பட்டுவிட்டார்கள். ஜேர்மன் ஆக்கிரமிப்பாளரின் கட்டளையை மீறி ஒளிந்திருந்தவர்களைப் போலவே, தமது சொந்த அரசாங்கத்தின் அறிவுறுத்தலையும் மீறினார்கள். ஜேர்மனியர் விட்டுச்சென்ற இராணுவக் கொட்டில்களிலும், கரையொதுங்கிய மரங்களைக்கொண்டு அடித்த குடிசைகளிலும், மண்குடில்களிலும் முதலாவது குளிர்காலத்தைக் கழித்தார்கள். கண்ணிவெடியில் உயிரிழந்தவர்களும் உண்டு. ஹொன்னிங்ஸ்வோக்குக்குத் திரும்பியவர்களுக்கு ஒரேயொரு கூரைதான் இருந்தது. தேவாலயத்துக்குள் குடியிருந்தார்கள். வழிபாட்டுக்குக் கட்டப்பட்ட அந்த மண்டபத்தில் சமைத்தார்கள், உறங்கினார்கள், பகலில் வெளியே சென்று எரிந்த அத்திவாரங்களைத் துப்புரவு செய்தார்கள்.

மக்கள் வந்துவிட்டபடியால் அரசாங்கத்துக்கு வேறு வழியிருக்கவில்லை. திட்டம் மக்களின் பின்னால் சென்றது. கட்டிடக்கலைஞர்கள் சில மாதிரி வீடுகளை வரைந்துகொடுத்தார்கள். மரப்பலகை, ஆணி, கண்ணாடி எல்லாமே பங்கீட்டில் வழங்கப்பட்ட காலம் அது. அதனால்தான் அளவான ஜன்னல்கள், அதனால்தான் ஒரே உருவம். மீளக்கட்டும் பணிகள் 1950களிலும் தொடர்ந்தன. காலையில் நான் சலிப்பூட்டும் ஒரேமாதிரித் தன்மை என்று நினைத்தது உண்மையில் அந்த ஊரின் வரலாற்று ஆவணம். எல்லா வீடுகளும் ஒரே வயது என்றால், எல்லா வீடுகளும் ஒரே தடவையில் இல்லாமல்போயிருக்கின்றன என்று பொருள்.

இதில் இழப்பின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சாமி மக்களின் பழைய குடில்கள், கைவினைப்பொருட்கள், தலைமுறை தலைமுறையாக வந்த உடைமைகள் பெருமளவில் தீயோடு போய்விட்டன. புதிய மாதிரி வீடுகள் நோர்வேப் பாணியிலேயே வந்தன. நீண்டகாலமாக நடைமுறையில் இருந்த நோர்வேமயமாக்கல் கொள்கைக்கு அந்தத் தீ எதிர்பாராத உதவியைச் செய்தது. அந்தக் கொள்கையை ஆராய்ந்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2023 ஜூனில் தனது அறிக்கையைக் கையளித்தது. 2024 நவம்பரில் நோர்வேப் பாராளுமன்றம் சாமி மக்களிடமும் ஏனைய சிறுபான்மையினரிடமும் மன்னிப்புக் கோரியது.

எம்மவர்களும் அந்தக் கரையும்

பின்மார்க் கரையோரத்துக்கும் எமக்கும் உள்ள தொடர்பு மீனில் தொடங்கியது. 1956 இல் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் நோர்வேக்குச் சென்று மீன்பிடித் தொழில்நுட்பத்தைக் கற்றார். அவரது முயற்சியினால் 1967 இல் காரைநகரில் சீ-நோர் நிறுவனம் உருவானது. 1970களில் நோர்வேயின் மக்கள் உயர்பள்ளிகளில் படிக்க இளைஞர்கள் சென்றார்கள். 1983 க்குப் பிறகு வந்தவர்களில் பலருக்கு வடக்கே மீன் ஆலைகளில்தான் வேலை கிடைத்தது. நோர்வே இளைஞர்கள் தெற்கே நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஆள்பற்றாக்குறையால் மூடவேண்டியிருந்த ஆலைகளில் எமது பிள்ளைகள் கொட் மீனை வெட்டினார்கள். கடற்கரையில் மரச்சட்டங்களில் அந்த மீன் உப்பில்லாமல், குளிர்காற்றிலேயே காய்கிறது. வெயிலில் கருவாடு காய்வதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது புதுமையாக இருந்திருக்கும். பின்னர் பெரும்பாலானோர் ஒஸ்லோவுக்கும் ஏனைய நகரங்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஓர் ஊர் இல்லாமல்போவது என்றால் என்ன என்பதை அறிந்த ஒரு கரைக்கு, அதையே அறிந்த இன்னொரு கரையின் மக்கள் வேலைக்குப் போனார்கள் என்பதை மருமகனின் வார்த்தைகள் இல்லாவிட்டால் நான் யோசித்திருக்கமாட்டேன்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு ஒலிபெருக்கி அறிவித்தலைத் தொடர்ந்து வலிகாமத்தில் இருந்து இலட்சக்கணக்கான மக்கள் மழையில் நடந்து வெளியேறினார்கள். அந்த நாட்களில் நான் கொழும்பில் பத்திரிகையின் செய்திப்பிரிவில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். பின்மார்க்கையும் வலிகாமத்தையும் ஒன்று என்று நான் கூறவரவில்லை. கட்டளையிட்டவர்களும் வேறு, காரணங்களும் வேறு. நான் கூறவருவது எனது தொழிலைப் பற்றியது. 1996 ஏப்ரலில் மக்கள் திரும்பத் தொடங்கியபோது 'மீளத்திரும்பியோர் தொகை' என்று தினமும் ஒரு எண்ணை முதற்பக்கத்தில் பிரசுரித்தோம். அடுத்த நாள் வேறொரு எண். திரும்பியவர் கதவில்லாத வீட்டில் முதலாவது இரவை எவ்வாறு கழித்தார், யாருடைய கூரையின் கீழ் எத்தனை குடும்பங்கள் படுத்தன என்று நாம் கேட்கவில்லை. எனது பெயர் தாங்கிய செய்திகளிலும் கேட்கப்படவில்லை. எரிந்த வீடுகளின் தொகை ஏடுகளில் இருக்கும். தேவாலயத்தின் தரையில் பாயை விரித்தவர்களின் பெயர்களை யாராவது எழுதிவைத்தால்தான் உண்டு. பின்மார்க்கில் அதைச் செய்திருக்கிறார்கள். அருகில் உள்ள ஹமர்பெஸ்ட் நகரில் மீளக்கட்டியெழுப்பலுக்கென்றே ஒரு அரும்பொருட்காட்சியகம் 1998 தொடக்கம் இயங்குகிறது. போருக்கு அல்ல, திரும்பிவந்ததற்கு ஒரு நினைவகம்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பஸ்கள் திரும்பின. வடமுனையில் கடும் மூடுபனியாம். அங்கு பிரபலமான இரும்பு உலக உருண்டையைக்கூட பத்தடி தூரத்தில் இருந்து காணமுடியவில்லை என்று மனைவி குறைப்பட்டுக்கொண்டார். "நீங்கள் இவ்வளவு நேரமும் இந்தச் சின்ன ஊருக்குள்ளை என்ன பாத்தனீங்கள்?" என்று கேட்டார். கப்பல் புறப்பட ஒரு மணித்தியாலம் இருந்தது. அவரையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மீண்டும் தேவாலயத்துக்கு நடந்தேன். வாசலில் நிறுத்தி, ஊரைத் திரும்பிப் பார்க்கச் சொன்னேன். மூத்த பேரன் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "எல்லா வீடும் புதுசாயிருக்கே தாத்தா" என்றான்.

அந்தப் பக்கம் கப்பலில் செல்லும் வாசகர்கள் வடமுனைக்குச் செல்லத்தான் வேண்டும். ஆனால், பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னரோ இறங்கிய பின்னரோ அந்த வெள்ளைத் தேவாலயத்துக்கும் நடந்து செல்லுங்கள். இறங்குதுறையில் இருந்து அதிக தூரமில்லை.